படிவத்தில் எழுதியதும் பதிவேட்டில் ஏறுவதும்



கல்வி உதவிக்கான மனுக்களை இப்போது பல ஊர்களில் செல்போன் வழியாகவே வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட படிவங்களைத் தயாரிக்கக் கற்றுவரும் நம் பிள்ளைகளுக்காக இந்தப் பாடம். மனு எழுதும் பெற்றோரும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் நாம் எழுதியவை பிஎச்பி நிரலின் ‘போஸ்ட்’ என்னும் அணியில் வந்து சேரும். அங்கிருந்து வினவல் மூலமாக மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தகவலைச் சீர்செய்ய வேண்டும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

வருமானம்

பாளையம்பட்டியில் தறி வேலைக்குப் போகும் ஒருவர் ஆண்டு வருமானத்தை 1,20,000 என்று காற்புள்ளியோடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ‘இன்ட்’ போட்டு நேரடியாக எண்ணாக மாற்றினால், பிஎச்பி முதல் காற்புள்ளியிலேயே நின்றுவிடும். பதிவேட்டில் ஏறுவது 1 ரூபாய். கட்டத்தை வெறுமையாக விட்டவருக்கு 0 ஏறும். சரி, இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிடலாம் என்றால், 1,20,000.00 என்று எழுதியவர் 1 கோடியே 20 லட்சம் சம்பாதிப்பவர் ஆகிவிடுவார்! வருமானத்தைப் பார்த்து உதவி வழங்கும் இடத்தில் இது ஓர் ஏழைப் பிள்ளையின் உரிமையைப் பறித்துவிடும்.

சரியான வழி: ‘ட்ரிம்’ கொண்டு முன்பின் இடைவெளியை நீக்குங்கள். ‘ஸ்டர் ரிப்ளேஸ்’ கொண்டு காற்புள்ளியை மட்டும் எடுங்கள். மிச்சம் முழுவதும் இலக்கம்தானா என்று ‘சிடைப் டிஜிட்’ கொண்டு பாருங்கள். இல்லையென்றால் நீங்களாக ஊகிக்காமல், மனுதாரரிடமே திருப்பிக் கேளுங்கள்.

பிறந்த தேதி

நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். மைஎஸ்க்யூஎல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கேட்கிறது. 07/06/2010 என்பதை ‘ஸ்டர்டுடைம்’ அமெரிக்க வழக்கப்படி ஜூலை 6 என்று படிக்கும். நமக்கு அது ஜூன் 7. ஆகவே ‘கிரியேட் ஃப்ரம் ஃபார்மட்’ கொண்டு வரிசையைச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் 31/02/2010 என்பதை மறுக்காமல் மார்ச் 3 ஆக மாற்றிக்கொள்ளும். எனவே ‘செக்டேட்’ கொண்டும் சரிபார்த்துவிடுங்கள்.

பெயர்

சஃதியா, மஃரூப் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐன்’ எழுத்துக்காகச் சிலர் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி இடுவார்கள். அந்தப் பெயரை அப்படியே வினவலோடு ஒட்டினால், பெயர் அங்கேயே முடிந்துவிட்டது என்று தரவுத்தளம் எண்ணிக்கொள்ளும். வினவல் உடையும், மனு ஏறாது. இதே ஓட்டை வழியாகக் கெட்ட எண்ணம் கொண்டவர் பெயருக்குப் பதிலாகக் கட்டளையை எழுதிப் பதிவேட்டையே குலைக்கவும் முடியும்.

முன்பு பிஎச்பியே இத்தகைய குறிகளுக்கு முன்னால் தானாக ஒரு சாய்கோடு சேர்த்துவந்தது. அதை ‘மேஜிக் கோட்ஸ்’ என்பார்கள். சாய்கோடு பெயரோடு சேர்ந்தே சேமிப்பாகிவிடுவதும் உண்டு. 2012இல் வந்த 5.4 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இன்றும் சிலர் குறியை வெட்டி எறிகிறார்கள். பிறகு மதிப்பெண் பட்டியலிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள பெயரோடு நம் பதிவேட்டுப் பெயர் ஒத்துவராது.

பெயரை மாற்றவே தேவையில்லை. பிடிஓவில் கேள்விக்குறி இட்டு இடம் விட்டு, ‘பிரிப்பேர்’ மூலம் வினவலை முதலில் தயார் செய்யுங்கள். பெயரை ‘எக்ஸிக்யூட்’ செய்யும்போது தனியே கொடுங்கள். அப்போது எந்தக் குறி இருந்தாலும் அது பெயராகவே போய்ச் சேரும். வருமானம், தேதி உட்பட எல்லாத் தகவலையும் இப்படியே அனுப்ப வேண்டும். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். அதையும் நாம் ‘திருத்த’க் கூடாது.

ஊர்

அருப்புக்கோட்டையில் உள்ள ‘கோ’வை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பிஎச்பி ஒப்பிட்டால் இரண்டும் வேறு. ‘நார்மலைசர்’ கொண்டு ஒரே வடிவாக்கிவிட்டுச் சேமியுங்கள்.

கடைசியாக, மாற்றியதை மனுதாரருக்குத் திரையில் காட்டி, “இது சரிதானா?” என்று கேட்டபிறகே பதிவு செய்யுங்கள். அவர் முதலில் எழுதியதையும் தனிக் கட்டத்தில் வைத்திருங்கள். தவறு நேர்ந்தால் திரும்பிப் பார்க்க அதுதான் சாட்சி.

ஒரு குடும்பம் நம்மிடம் தரும் தகவல் அமானிதம். வடிவத்தைச் சீர்செய்யலாம், பொருளை மாற்றக்கூடாது. அமானிதத்தைப் பேணுவோருள் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.

பயிற்சி: 72,000 என்றும், வெறுமையாகவும், ‘எழுபதாயிரம்’ என்று எழுத்திலும் கொடுத்து உங்கள் நிரலைச் சோதித்துப் பாருங்கள். முதலாவதை மட்டும் அது ஏற்க வேண்டும். மற்ற இரண்டையும் திருப்பிக் கேட்க வேண்டும்.