டிவியில் படம் வரவில்லையா? பணம் கொடுக்கும் முன் போனை எடுங்கள்!

"பேனல் போயிடுச்சுங்க. இதை ரிப்பேர் பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்." டிவி கெட்டுப்போன வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. சில நேரம் அது உண்மை. சில நேரம் கெட்டது பேனலே அல்ல, அதன் பின்னால் இருக்கும் விளக்குப் பட்டைதான். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. எது கெட்டது என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்குத் தேவையான கருவி உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போன்தான். எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

டிவிக்குள் என்ன இருக்கிறது?

இன்று வீடுகளில் உள்ள பெரும்பாலான எல்.இ.டி. டிவிகளில் ஐந்து முக்கியப் பகுதிகள் உண்டு.

• பவர் போர்டு: வீட்டு மின்சாரத்தை டிவிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது.
• மெயின் போர்டு: செட்டாப் பாக்ஸ், வைஃபை, ஒலி, மெனு எல்லாவற்றையும் கவனிப்பது.
• டி-கான் போர்டு: படத்தைப் பேனலுக்கு எடுத்துச் செல்வது. சில மாடல்களில் இது தனியாக இருக்காது.
• பேக்லைட்: பேனலுக்குப் பின்னால் ஒளி தரும் எல்.இ.டி. பட்டைகள்.
• பேனல்: நாம் பார்க்கும் திரை. டிவியின் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான்.

வீட்டிலேயே நான்கு சோதனைகள்

1. மின்சாரம்: சிவப்பு விளக்கே எரியவில்லையா? அதே பிளக் பாயிண்டில் உங்கள் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பிளக் பாயிண்ட் சரி. டிவியின் பிளக்கைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் பவர் போர்டு மீது சந்தேகம் வரலாம்.

2. ரிமோட்: போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். போன் திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி மின்னினால் அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் அந்த ரிமோட் வேலை செய்கிறது. சில போன்களில் பின்பக்கக் கேமராவில் இது தெரியாது. செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

3. மெனு: படம் உடைந்து உடைந்து வந்தாலோ, "சிக்னல் இல்லை" என்று வந்தாலோ, டிவியின் சொந்த மெனுவைத் திறங்கள். மெனு தெளிவாகத் தெரிந்தால் பேனலும் பேக்லைட்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு செட்டாப் பாக்ஸிலோ வயரிலோ இருக்கலாம். முதலில் கேபிள் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள்.

4. டார்ச்: சத்தம் வருகிறது, திரை மட்டும் இருட்டு. இதுதான் முக்கியமான சோதனை. அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது. பேக்லைட்டோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோதான் கெட்டிருக்கிறது. (ஓ.எல்.இ.டி. டிவியில் பேக்லைட் கிடையாது. அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

ஒரு எச்சரிக்கை: பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்.

எதற்குச் செலவு செய்யலாம்?

பவர் போர்டில் பல நேரம் கெடுவது உப்பிப்போன ஒரு கெபாசிட்டர்தான். அதைச் சரிசெய்வது பெரும்பாலும் லாபம். பேக்லைட்டும் அப்படித்தான். அதில் எல்.இ.டி.கள் சரமாகக் கோர்க்கப்பட்டிருப்பதால் ஒன்று போனால் சரமே அணைந்துவிடும். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால், அதே வயதுள்ள மற்றவை விரைவில் போகலாம். முழு செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு செட்டிங்ஸில் பேக்லைட் அளவைக் குறைத்து வையுங்கள். விளக்குகளின் ஆயுள் கூடும்.

திரையில் விரிசலும் மை கொட்டியது போன்ற கறையும் இருந்தால் பேனல் உடைந்துவிட்டது. வாரண்டி அதற்குப் பொதுவாகப் பொருந்தாது. பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்குவதால், யோசித்து முடிவெடுங்கள். செங்குத்துக் கோடுகள் பேனலாலும் வரலாம், டி-கான் போர்டாலும் வரலாம். எதனால் என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் மெக்கானிக்கிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: எந்தப் பகுதி கெட்டிருக்கிறது? மொத்தச் செலவு எவ்வளவு? மாற்றிய பகுதிக்கு எத்தனை மாதம் உத்தரவாதம்? கழற்றிய பழைய பகுதியைத் தருவீர்களா? பதிலை எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

பிராண்டை எப்படி எடைபோடுவது?

பெட்டியில் உள்ள பெயர் மட்டும் தரத்தைச் சொல்லிவிடாது. உலகில் பேனல் தயாரிக்கும் நிறுவனங்கள் சிலவே. பல பிராண்டுகள் அவர்களிடமிருந்தே வாங்குகின்றன. டிவியைப் பொருத்தித் தருவதும் பல நேரம் வேறொரு ஒப்பந்தத் தொழிற்சாலைதான். ஆகவே இவற்றைப் பாருங்கள்:

• பின்பக்க ஸ்டிக்கரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையான தயாரிப்பாளர் யார் என்று தெரியும்.
• உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? வாங்கும் முன்பே போன் செய்து, உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேளுங்கள்.
• வாரண்டி அட்டையைப் படியுங்கள். பேனலுக்கு எவ்வளவு காலம், மற்ற பகுதிகளுக்கு எவ்வளவு காலம் என்று தனித்தனியாக இருக்கலாம்.
• கடையில் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். காற்றோட்டத் துளைகள் போதுமான அளவு இருக்கின்றனவா, ஸ்டாண்ட் ஆடுகிறதா, வயர் செருகும் இடம் தளர்வாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பேக்லைட்டுக்கும் போர்டுகளுக்கும் சூடு பெரிய எதிரி.

கம்பெனி கைவிரித்தால்?

வாரண்டி இருந்தும் சரிசெய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் தரலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். பில் தர மறுப்பதும் இந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். வோல்டேஜ் ஏறி இறங்குவதால் தொல்லை என்றால் மின்னகம் எண் 94987 94987-இல் சொல்லுங்கள். இடி மின்னலின்போது பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். திரையில் தண்ணீர் தெளித்துத் துடைக்காதீர்கள். அது கீழ் ஓரத்தில் இறங்கி உள்ளே உள்ள இணைப்புகளைக் கெடுத்துவிடும்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. டிவியின் பின்பக்க ஸ்டிக்கர், பில், வாரண்டி அட்டை மூன்றையும் போட்டோ எடுத்துப் போனில் சேமித்து வையுங்கள். கடைகளில் தரும் சில பில்களின் எழுத்து நாளடைவில் மங்கிவிடலாம். போனில் இருக்கும் படம் அப்படியே இருக்கும்.