எழுத்தும் பொதுவிதியும்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆயினும், எழுதியவரும் படித்தவரும் ஒரே மரபில் பயின்றவர் ஆதலின், மெய்யை மெய்யாகவே கண்டுகொண்டனர். அம்மரபு அறியாதார் அவ்வேட்டைப் படிக்க இடர்ப்பட்டனர். எழுதும் முறையும் படிக்கும் முறையும் ஒத்திருத்தல் வேண்டும் என்னும் இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே கோப்பில் பதிகின்றது. இன்ன எண் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்பது மக்கள் செய்துகொண்ட உடன்பாடு. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி முறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கு அவை போதும், பிறமொழிகளுக்குப் போதா. ஆதலின் ஒவ்வொரு மொழியினரும் தமக்கெனத் தனிமுறைகளை வகுத்தனர். தமிழுக்கும் திஸ்கி, தாப், தாம் எனப் பல முறைகள் எழுந்தன. ஒரு முறையில் எழுதிய கோப்பை மற்றொரு முறையில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும்.

இவ்விடர் நீங்க, உலகமொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் அகரத்தின் எண் 2949. அவ்வெண்ணைக் கோப்பில் பதிவதற்கு ஒரு நெறி வேண்டுமன்றோ? 1992இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர் யூடிஎஃப்-8 என்னும் நெறியை வகுத்தனர். இதன்படி ஆங்கில எழுத்து ஒரு பைட்டிலும், அகரம் 224, 174, 133 என மூன்று பைட்டுகளிலும் பதியும். பழைய ஆஸ்கி கோப்புகளும் மாற்றமின்றிச் செல்லும்.

அவர்கள் செய்த மற்றொன்றும் கருதத்தக்கது. தாம் ஆக்கிவந்த பிளான் 9 என்னும் இயங்குதளத்தில் ஒரு சில செயலிகளை மட்டும் மாற்றி அமைந்தாரல்லர். சில நாள்களுக்குள் செயலிகள் அனைத்தையும், முன்னிருந்த உரைக்கோப்புகளையும் அந்நெறிக்கே கொணர்ந்தனர்.

அங்ஙனம் முழுவதும் மாற்றுவானேன்? தவறாகப் படித்த கோப்பை முறையறிந்து மீண்டும் படிக்கலாம், மூலத்துக்குக் கேடில்லை. தவறாக எழுதிய கோப்போ அத்தகையதன்று. தமிழ் அறியாத முறையில் ஒரு செயலி கோப்பைச் சேமிக்குமாயின், எழுத்துதோறும் வினாக்குறியை இட்டுவிடுதலும் உண்டு. பின்னர் எம்முறையில் திறப்பினும் இழந்த எழுத்து மீளாது. ஓர் அலுவலகத்தில் ஒன்பது செயலிகள் விதியைப் பேணினும், பத்தாவது செயலி பேணாதாயின் அது தொட்ட கோப்பு பாழாகும்.

தமிழக அரசும் 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய முறைகளில் எழுதிய கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை. அவற்றை மாற்றுவோர் முதற்கண் மூலத்தின் படி ஒன்றைக் காத்து வைத்தல் வேண்டும். எம்முறையில் எழுதப்பட்டது என்பதைத் தேர்ந்து அறிதல் வேண்டும். அதன்பின்னரே மாற்றி எழுதுதல் வேண்டும். ஏடு பெயர்த்து எழுதியோர்க்கு வேண்டியிருந்த அதே கவனம் இன்று கோப்பு மாற்றுவோர்க்கும் வேண்டும்.