ஹெல்சிங்கிக்கும் ஒரு நகல்

கேள்வி: முழுக்க முழுக்க மின்னஞ்சல்களாலேயே எழுதப்பட்ட நாவல் ஏதும் உண்டா? அதையெல்லாம் படிக்க முடியுமா?

பதில்: உண்டு. மேட் போமான்ட் எழுதி 2000இல் வந்த ஆங்கில நாவல். தலைப்பே ஒற்றை எழுத்துதான்: ‘இ’. லண்டன் விளம்பர நிறுவனம் ஒன்று கோகோ கோலாவின் விளம்பர வேலையைப் பிடிக்கப் படும் பாடுதான் கதை. போமான்ட் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவர். அந்த அலுவலகங்களில் யார் யார் காலை வாருவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

கதைசொல்லி கிடையாது, வர்ணனையும் கிடையாது. அனுப்புநர், பெறுநர், பொருள், மடல். அவ்வளவுதான். மேலிடத்துக்குக் குழைந்து எழுதியவர், அடுத்த மடலிலேயே வேறொருவரிடம் அந்த மேலிடத்தைப் பிய்த்து உதறுவார். ஆசிரியர் குறுக்கே வந்து விளக்க வேண்டியதில்லை. தலைமை அதிகாரியின் மடல்கள் ஏதோ கோளாறால் ஹெல்சிங்கி கிளைக்கும் போய்ச்சேர, அங்கிருந்து ஒருவர் வெள்ளை மனதோடு பதில் போடுவார் பாருங்கள், அதற்காகவே படிக்கலாம்.

கடித நாவல் புதிதல்ல. சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமீலா’ வந்தது 1740இல். ஆனால் தபாலில் வளர நாளாகும் சண்டை, இங்கே காபி ஆறுவதற்குள் முற்றிவிடுகிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஆள் பெயர்கள் குவிந்து தலை சுற்றும். கெட்ட வார்த்தைகளும் தாராளம். வீட்டில் உரக்கப் படித்துவிடாதீர்கள். பிடித்துப்போனால், 2009இல் ‘இ ஸ்கொயர்ட்’ என்றொரு தொடர்ச்சியும் வந்திருக்கிறது.