கொழுந்துக் கிலோவும் மழை மில்லிமீற்றரும்

ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "கணக்குக்கு என்ன விளையாட்டு வைக்கலாம் சேர்?" என்பதுதான். பிள்ளைகள் வீட்டில் எந்த எண்களைக் கேட்டு வளர்கிறார்கள் என்று முதலில் பாருங்கள் என்பேன். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைக்கு அது கொழுந்துக் கிலோ. பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். தரம் 3 பிள்ளைக்கும் இது அத்துப்படி.

அதையே விளையாட்டாக்கினேன். நான்கு பேர் கொண்ட குழு. ஒருவர் கணக்கப்பிள்ளை, மற்றவர்கள் கொழுந்தெடுப்பவர்கள். 1 முதல் 9 வரை எழுதிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு மூன்று எடுக்க வேண்டும்: காலை, பகல், பின்னேர நிறுவை. கூட்டி, 18க்கு எத்தனை கூட, எத்தனை குறைவு என்று சொல்ல வேண்டும். 8, 7, 4 வந்தால் விரல் விட்டு எண்ணும் பிள்ளைகூட, சில வாரங்களில் "எட்டும் ரெண்டும் பத்து, ஏழுல மிச்சம் அஞ்சு" என்று பத்தாக்கிக் கூட்டத் தொடங்கிவிடும். ஒரு சிறுமி ஒவ்வொரு நிறுவையிலும் ஒன்றைக் கழித்துவிட்டுக் கூட்டினாள். ஏனென்று கேட்டேன். "சாக்குக்குக் கழிப்பாங்கதானே சேர்!" அவள் சொன்னதே விளையாட்டின் இரண்டாம் படியாயிற்று.

மூவரின் கணக்கையும் சரிபார்ப்பதால் கணக்கப்பிள்ளைக்குத்தான் வேலை அதிகம். தடுமாறும் பிள்ளையைத் தனியே அங்கு உட்கார வைக்காதீர்கள். கூட்டாளி ஒருவரையும் சேர்த்து விடுங்கள். பிழை விட்டால் "அவுட்" என்று வெளியேற்றும் விளையாட்டுகளை நான் வைப்பதேயில்லை. பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியேறும். பிறகு மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் உண்டு. பூனாகலை, கொஸ்லந்தைப் பாடசாலைகளே இடம்பெயர்ந்தோரின் தங்குமிடங்களாயின. அதன் பிறகு கணித வசனங்களைப் பார்க்கும் என் கண் மாறியது. "வீட்டில் 6 பேர், 2 பேர் போய்விட்டால் மீதி எத்தனை பேர்?" இப்படியொரு கேள்வியை அந்தப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது? மனிதர்களை எண்ணுவதை விட்டுத் தேயிலைக்கொட்டைகளை எண்ணினோம். சோக்கால் தரையில் வட்டங்கள் போட்டுப் பல்லாங்குழி ஆடினோம். பேசாமலே ஆடலாம் என்பதால், வாய் திறக்காத பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். கொட்டையைப் போடும் முன்னர் "எந்தக் குழியில் முடியும்?" என்று விரலால் காட்டச் சொல்வேன். எண்ணிப் போடுவதற்கும் முன்கூட்டியே கணிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நான் வளர்க்க விரும்புவது இரண்டாவதை.

மண்சரிவோடு ஒட்டிய மழைக் கணக்கை அப்போது தொடவில்லை. பிற்பாடு வந்த வகுப்புகளுடன் செய்கிறேன். பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, புனல்போலத் தலைகீழாகச் செருகுங்கள். அடியில் உள்ள வளைவு மறையுமளவுக்குச் சிறு கற்கள் போட்டுத் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் பூச்சியத்தைக் குறித்து, அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி தயார். தினமும் காலை ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வாசித்துவிட்டு, தண்ணீரை மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சொல்லும் அளவுகள், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். விறாந்தையில் 0 முதல் 150 வரை எண்கோடு வரைவோம்; அன்றைய அளவில் ஒரு பிள்ளை நிற்கும். 38 என்றால் 75க்கு இன்னும் எவ்வளவு? 2 பாய்ந்தால் 40, 30 பாய்ந்தால் 70, பிறகு 5, மொத்தம் 37. பாய்ச்சலை வேறு விதமாகப் பிரிக்கும் பிள்ளைக்கும் இடம் கொடுங்கள். இதில் மட்டும் வெற்றி தோல்வி வைப்பதில்லை. இந்த எண்களை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே என் ஆசை.

எந்த விளையாட்டையும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முடிந்ததும் ஒரு கணக்கையாவது கொப்பியில் எழுதச் செய்யுங்கள். அட்டைகளுக்குப் பழைய கலண்டர் மட்டை போதும். ஆனால் எங்கள் பக்கத்து மாரியில் மட்டையும் நமுத்துப்போகும். மேலே செலோடேப் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.