பழையதில் திறக்கிறது, புதியதில் மறுக்கிறது

கேள்வி: எங்கள் சிற்பக்கூடத்துப் படங்களை வீட்டில் உள்ள உபுண்டு கணினியில் வைத்து, கடவுச்சொல் கேட்காதபடி சம்பா வழியாகப் பகிர்கிறேன். பழைய கணினிகளில் திறக்கிறது. புது விண்டோஸ் 11 புரோ லேப்டாப் மட்டும் மறுக்கிறது. ஏன்?
– வாசகர், மாமல்லபுரம்

பதில்: தடுப்பது உங்கள் சர்வர் அல்ல, விண்டோஸ்தான். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, பரிமாறும் தகவலில் மின்முத்திரை கேட்கிறது. அதற்கான சாவி கடவுச்சொல்லிலிருந்து உருவாகிறது. கடவுச்சொல் கேட்காத உங்கள் பகிர்வு கெஸ்ட் கணக்கில் நடக்கிறது; அதற்குக் கடவுச்சொல்லே கிடையாது. இணைப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

விண்டோஸில் அந்தக் காவலை அணைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பகிர்வு கடவுச்சொல் இல்லாமலே திறந்து கிடக்கும். உங்கள் ஊரில் பயணிகளுக்கு அறை விடும் வீடுகள் நிறைய. நீங்களும் அப்படி விட்டால், பயணிகளுக்கு வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்த மறுநிமிடமே உங்கள் படங்களும் அவர்கள் கைக்கு எட்டும். எழுதும் அனுமதி இருந்தால் அழிக்கவும் முடியும்.

சர்வரில் குடும்பத்துக்கென ஒரு பயனர் கணக்கு தொடங்கி, smbpasswd கட்டளையால் கடவுச்சொல் கொடுங்கள். சம்பா அமைப்பில் 'கெஸ்ட் ஓகே' என்பதை 'நோ' ஆக்கி, சம்பாவை மறுபடி தொடங்குங்கள். லேப்டாப்பில் ஒருமுறை பதிந்து சேமித்தால் பிறகு கேட்காது.

அதன்பின்னும் 'அனுமதி இல்லை' என்று வந்தால், கோப்புறை இருக்கும் இடத்தைப் பாருங்கள். உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைக்குள் பிற பயனர்கள் நுழைய முடியாது. படங்களை எஸ்ஆர்வி கோப்புறைக்கு மாற்றி, புதுப் பயனருக்கு உரிமை கொடுங்கள்.