சமயப் படிப்பு: கட்டணப் பக்கம் காட்டாத செலவு

சமயவியல் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் முதலில் கேட்பது "வேலை கிடைக்குமா?". அதற்குப் பிறகுதான் "எவ்வளவு ஆகும்?". இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ப்ராஸ்பெக்டஸின் கட்டணப் பக்கம் மட்டும் இதற்குப் போதாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம், இஸ்லாம் என ஒவ்வொன்றையும் தனியே படிக்க வழி உண்டு. அரசுப் பல்கலைக்கழகம், எம்.ஏ. 2 ஆண்டு, கட்டணம் கையைக் கடிக்காது. வெளியூர் மாணவருக்குக் கடிப்பது சென்னையின் அறை வாடகை.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் வேறு ரகம். இங்கே படிப்பது செராம்பூர் கல்லூரியின் செனட் வழங்கும் பி.டி. (இறையியல் இளங்கலை) பட்டத்துக்கு. செராம்பூர் கல்லூரி 1818இல் தொடங்கியது; பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் அரசரின் சாசனம் கொடுத்தது. பட்டதாரிகளுக்கே பொதுவாக 4 ஆண்டு ஆகும். வளாகத்திலேயே தங்கிப் படிப்பதால் ஆண்டுத் தொகையில் ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்ந்திருக்கும். அதைப் பல்கலைக்கழகத்தின் வெறும் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம். திருமண்டலம் அனுப்பும் மாணவருக்குச் செலவில் பெரும்பங்கைத் திருச்சபையே ஏற்பதும் உண்டு. ஆனால் அது இனாம் இல்லை. படித்து முடித்ததும் அனுப்பும் சபைக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டியிருக்கும். ஆயர் பணியில் மனம் இல்லாதவர் அந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோவில் தொலைநிலையில் இந்து ஆய்வுகள் எம்.ஏ. இருக்கிறது. வாடகைச் செலவே கிடையாது.

பலர் கவனிக்காத இடம் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட். 'சமயங்களின் ஒப்பாய்வு' அதில் ஒரு தனிப் பாடம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. அதன் வழியே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் முனைவர் பட்ட ஆய்வின்போது மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. எம்.ஏ.வுக்கு ஆன செலவு சில மாதங்களில் திரும்பிவிடும். எனவே சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பட்டத்தை வைத்து நெட் எழுதலாமா? "எழுதலாம்னு நினைக்கிறோம்" என்று அலுவலகத்தில் இழுத்தால், அங்கிருந்து நெட் எழுதிய சீனியர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் முதலில் ஜெர்மனியைப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஹைடல்பர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இலவசம் என்ற சொல்லில் மயங்க வேண்டாம்: விசாவுக்காக முடக்கக் கணக்கு (blocked account) என்ற வங்கிக் கணக்கில் ஏறக்குறைய 12,000 யூரோ காட்ட வேண்டும். இளங்கலைக்கு ஜெர்மன் மொழி கட்டாயம் போலத்தான். அதைக் கற்கும் மாதங்களும் செலவுதான்.

அமெரிக்காவில் அறிவிப்புக் கட்டணத்தைப் பார்த்தே தலை சுற்றும். ஆனால் யேல் இறையியல் பள்ளி 2022 முதல், பண உதவி தேவை என நிரூபிக்கும் மாணவருக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் ஏற்கிறது. அங்கே விண்ணப்பிப்பவர் உதவித்தொகைப் படிவத்தையும் சேர்க்கை விண்ணப்பத்தோடு கையோடு முடித்துவிட வேண்டும். அதன் கடைசித் தேதி தனியாக ஓடும்.