சாப்பிட்டும் தெம்பில்லையா?

"நேரத்துக்குச் சாப்பிடத்தான் செய்றேன் டாக்டர், தெம்புதான் இல்ல." தல்லாகுளத்தில் என்னிடம் வரும் இல்லத்தரசிகள் பலர் சொல்வது இது.

காலையில் சாப்பிட்ட நாலு இட்லி குடலில் குளுகோஸாகி, ரத்தம் வழியே செல்லுக்குள் போகிறது. அதுவரை அது வெறும் விறகுதான். மூச்சில் இழுத்த ஆக்ஸிஜன் வந்து சேர்ந்தால்தான் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்பு எரியும். குப்பென்று அல்ல, படிப்படியாக. வெளிவரும் சக்தி ஏ.டி.பி. என்னும் சில்லறைக் காசாகச் சேர்கிறது. தசையிலிருந்து இதை 1929-ல் ஹார்வர்டில் பிரித்துக் காட்டிய இருவரில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். (அமெரிக்கா போகுமுன் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை!)

ஆக்ஸிஜன் இருந்தால் ஒரு குளுகோஸ் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 30 காசு. இல்லாவிட்டால் 2-தான்! தமுக்கம் மைதானத்தை வேகமாக ஓடிச் சுற்றினால் கால் தசை சிறிது நேரம் அந்த 2-ஐ வைத்துச் சமாளிக்கும். மூளை சமாளிக்காது.

ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு, 100 மில்லி ரத்தத்தில் அது 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. விறகு இருக்கும், காற்று போதாது. எனவே எடுத்த எடுப்பிலேயே லேகியம் கேட்காதீர்கள், நான் தரமாட்டேன். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாங்க. கூடவே சர்க்கரையும் பாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் குளுகோஸ் தசைக்குள் நுழையாமல் ரத்தத்திலேயே தேங்கிவிடும்.